வெளுத்துப்போன மாப்பிள்ளை

எங்கள் மாவட்டத்து வீடியோக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப்போன படத்தைச் சரிசெய்வது எப்படி? "நீங்கதாண்ணே அதுல எக்ஸ்பர்ட்டு. டிப்ஸ் மாதிரி எழுதிக் குடுத்துடுங்க" என்று போனில் சொன்னார் மலர் பொறுப்பாளர்.

கேள்விக்குப் பதில் ஒரே வரிதான்: முக்கால்வாசி நேரம் முடியாது. ஆனால் அதை மட்டும் எழுதி அனுப்பினால் மிச்சப் பக்கமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். என்னிடம் வந்த வேலைகளில் பாதி அப்படித்தான் கிடந்தன என்பதால் எனக்குக் கூச்சமில்லை, மலர்க் குழுவுக்கு இருக்கலாம். அதனால், நான் எப்படி எக்ஸ்பர்ட் ஆனேன் என்பதையே எழுதிவிடுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் டி.வி. ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன் நான். பிறகு சென்னையில் மூன்று மாதம் மிக்ஸிங் கற்றுக்கொண்டேன். கல்யாண கேசட்டை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போடுகிற வேலைக்கு எங்கள் பக்கத்தில் மிக்ஸிங் என்று பெயர். அந்த மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மெஸ் சாப்பாடு மோசம். திரும்பி வந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் அருள்தாஸ் என்பவரின் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். 2004இல் அவர் கம்ப்யூட்டர் வாங்கி என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். எட்டு வருஷம் கழித்துத்தான் எழுந்தேன்.

அருள்தாஸ் யாரையும் நேராகத் திட்டியதில்லை. கோபம் வந்தால் டீயை வாங்கிக்கொண்டு வாசற்படியில் போய் நின்று ரோட்டைப் பார்த்துப் பேசுவார். "சில பேரு கண்ண வூட்லயே வெச்சிட்டு வேலைக்கு வர்றாங்க" என்று சிதம்பரம் போகிற பஸ்ஸிடம் சொல்வார். அது யார் என்பதை உள்ளே இருக்கிற நாங்கள் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரிடமோ அவருக்கு ஒரே சொல்தான்: "ஆவும்." மழையில் ஊறிய கேசட்டா? ஆவும். சண்டை போட்டுக்கொண்டு போன சித்தப்பாவைக் கல்யாணம் முழுவதிலிருந்தும் எடுத்துவிட வேண்டுமா? ஆவும். சொல்லிவிட்டு அவர் போய்விடுவார், ஆக்க வேண்டியவன் நான்.

தொழிலில் அவர் எனக்குக் கொடுத்த சட்டமும் ஒன்றே ஒன்றுதான். "மாப்ள எந்த கலரா வேணா இருக்கட்டும் மச்சான். கேசட்டுல செவப்பா வரணும்." எங்கள் ஊரில் மனிதர்களைச் சிவப்பு என்று சொன்னால் வெளுப்பு என்று அர்த்தம். அதற்காக ஆயிரம் வாட்ஸ் விளக்கை முகத்துக்கு நேரே பிடிப்போம். வெளிச்சம் அளவு மீறினால் அந்த இடத்தில் வரிவரியாகக் கோடு காட்டி எச்சரிக்கிற வசதி கேமராவிலேயே உண்டு. எங்கள் கேமராக்காரர்கள் அதை அணைத்து வைத்திருந்தார்கள். இல்லையென்றால் எட்டிப் பார்க்கிற தாய்மாமன், "இன்னாப்பா, பொண்ணு மூஞ்சில கோடு கோடா இருக்குது" என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

இப்படி எடுத்த படத்தில் பட்டுப்புடவை வரும், மாலை வரும், அதற்கு மேலே ஒரு ட்யூப்லைட் வரும். நெற்றிச்சுட்டி மட்டும் அந்தரத்தில் ஆடும். வீட்டுக்காரர்களுக்கு ரொம்பத் திருப்தி. "பொண்ணு பளிச்சுன்னு இருக்குது" என்று சொல்லி, இன்னும் இரண்டு பிரதி கேட்பார்கள்.

பிறகு வெளிநாட்டில் இருந்த மச்சான்களெல்லாம் கைக்கு அடக்கமான கேமராவோடு லீவில் வரத் தொடங்கினார்கள். காது குத்து, மொட்டை, கிரகப்பிரவேசம் எல்லாவற்றையும் அவர்களே எடுத்தார்கள். அந்த டேப்புகளும் எங்களிடம்தான் வந்தன, "கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்று. ஆக, காலையில் கூலிக்கு முகங்களை வெளுத்தேன், மத்தியானம் அதே கூலிக்கு வெளுத்த முகங்களைத் தேடினேன்.

கேட்டார்கள் என்பதற்காக முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பிரைட்னஸைத் தொடக்கூடாது. அதைக் குறைத்தால் வெள்ளை சாம்பல் நிறமாகுமே தவிர மூக்கு வராது. திரை 'இது வெள்ளை' என்று காட்டும் எல்லைக்கு மேலேயும் அந்தச் சின்ன டேப்பில் கொஞ்சம் ஒளி பதிந்திருக்கும். கம்ப்யூட்டர் அதை வெட்டி எறிவதற்கு முன்னால் கீழே இழுக்க வேண்டும். சில நேரம் ஒரு கன்னம் வரும், ஜரிகை வரும். வராவிட்டால் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் தோலில் நீலம் குறைவு. அதனால் சிவப்பு முதலில் நிரம்பி வழிந்துவிடும், நீலம் கடைசியில்தான் நிரம்பும். முகமே போன பிறகும் நீலத்தில் மட்டும் ஒரு புருவமோ உதட்டுக் கோடோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுத்து மெலிதாக மேலே போர்த்தி, தோல் நிறத்தை நாமே பூச வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் மெழுகுப் பொம்மை.

இவ்வளவும் செய்து ஒன்றும் வரவில்லை என்றால் அங்கே எதுவும் பதியவில்லை என்று பொருள். இருட்டு அப்படியில்லை. இருட்டை ஏற்றிக்கொண்டே போனால், புள்ளிபுள்ளியாகவாவது யாராவது உள்ளே நின்றுகொண்டிருப்பார்கள். வெள்ளைக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர்களிடம் நான் இதைச் சுருக்கமாகச் சொல்வேன்: "இருந்தா எடுக்கலாம். அதுல இல்ல." இந்த வாக்கியம் அருள்தாஸுக்கு ஆகாது. கேட்டதும் டீ வாங்கப் போய்விடுவார்.

இதற்கு நடுவில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். கடையில் டேப்பும் விற்றோம். வாங்க வருகிறவர்கள், "மூஞ்சி கறுப்பா வருது சார், இன்னா பண்றது?" என்று கேட்பார்கள். அந்தச் சின்னக் கேமராக்களில் பேக்லைட் என்று ஒரு பட்டன் உண்டு. ஜன்னலுக்கு முன்னால் நிற்கிற ஆளை எடுக்கும்போது முகம் இருண்டுவிடாமல் இருக்க அதை அமுக்க வேண்டும். அதற்கு மட்டும்தான். நான் அவ்வளவு விளக்கமெல்லாம் சொல்லவில்லை. "அந்த பட்டன அமுக்கிக்கினு எடுங்க, பளிச்சுன்னு வரும்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். கடலூரிலிருந்து விருத்தாசலம் வரை வெட்டவெளி வெயிலில் அந்தப் பட்டன் அமுங்கியதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.

2006 ஆடி மாதம். கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். மங்கலம்பேட்டையிலிருந்து அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் செல்வம், குவைத்தில் எலக்ட்ரீஷியன். தங்கை ஜெயந்தி, அண்ணாமலை நகரில் அறை எடுத்துத் தங்கி ஒரு லேபில் வேலை பார்த்தாள். செல்வம் டேப்பை மேசையில் வைத்தான்.

"ஞாபகம் இருக்குதா சார்? வைகாசியில உங்ககிட்டதான் டேப்பு வாங்கினேன்."

போட்டுப் பார்த்தோம். ஒரு தோப்பு, சின்னக் கோயில், உச்சி வெயில். மாலையோடு இரண்டு பேர். பெண் தலை குனிந்திருந்ததால் அவள் முகத்தில் பாதி தப்பித்திருந்தது. மாப்பிள்ளை நிமிர்ந்து நின்றிருந்தான். சட்டைக் காலர் வரைக்கும் மாப்பிள்ளை, அதற்கு மேலே வெறும் வெள்ளை. அந்த வெள்ளை குனிந்து தாலி கட்டியது, நிமிர்ந்தது, யாரையோ பார்த்துச் சிரித்ததுகூட இருக்கலாம்.

"யாரு இப்படி எடுத்தது?" என்று கேட்டார் அருள்தாஸ்.

"நான்தான். இவருதான் சார் சொன்னாரு, அந்த பட்டன அமுக்கிக்கினு எடுன்னு" என்று செல்வம் என்னைக் காட்டினான்.

அருள்தாஸ் வாசலுக்குப் போனார். "சில பேரு டேப்ப வித்தமா, டேப்போட நிறுத்திக்கினமான்னு இருக்க மாட்டாங்க" என்று ரோட்டிடம் சொன்னார்.

ஜெயந்தி அழாமல், கணக்கு ஒப்பிப்பதைப்போல விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை பெயர் பிரபு, பண்ருட்டிப் பக்கம், அண்ணாமலை நகரில் படித்தவன். அவன் அப்பா இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்து, அவருக்குத் தெரியாமல் திருவதிகை பக்கத்தில் ஒரு தோப்புக் கோயிலில் தாலி கட்டினான். ரசீதுப் புத்தகம் இல்லாத கோயில். பூசாரிக்கு இரண்டு கண்ணிலும் புரை. விஷயம் வெளியே போய்விடும் என்று போட்டோக்காரரைக் கூப்பிடவில்லை. பிரபுவின் அம்மா மட்டும் சம்மதித்து, புருஷனுக்குத் தெரியாமல் வந்துபோனார். இப்போது பிரபுவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. அப்பா வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார். ஆவணியில் நிச்சயதார்த்தம். விஷயம் காதுக்கு வந்து 'நீ போனாயா' என்று புருஷன் கேட்டபோது, கல்யாணமே நடக்கவில்லை, அந்தக் கோயில் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது என்று அந்த அம்மா சாதித்துவிட்டார். பிரபு போனை எடுப்பதில்லை. வந்திருந்த இரண்டு நண்பர்களுக்கும் மறதி வந்துவிட்டது.

"எனக்கு இது மூணாவது மாசம் சார்" என்றாள். "அடுத்த வாரம் கடலூர்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல ரெண்டு பக்கமும் உக்காந்து பேசறதா இருக்குது. அதுக்குள்ள அவரு மொகம் தெரியணும்."

செல்வம் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தான். "அவரு பாஸ்போர்ட் போட்டோ இருக்குது சார். இத வெச்சு ஒட்டிட முடியாதா?"

"ஆவும்" என்றார் அருள்தாஸ்.

நான் உத்தமன் இல்லை. ஊட்டியே போகாத ஜோடிகளை ஊட்டியில் நடக்க விட்டவன். தேய்பிறை முகூர்த்தத்தில் முழு நிலாவை மாட்டியவன். அன்றைக்கும் மனசுக்குள் கணக்குத்தான் போட்டேன். தாலி கட்டுவது நாற்பது விநாடி. விநாடிக்கு இருபத்தைந்து படம். ஆயிரம் படத்தில் ஆடுகிற தலைக்கு ஆடாத முகத்தை ஒட்ட வேண்டும். எனக்கு நேர்மை வந்தது அந்தப் பெருக்கலில்தான். வாயைத் திறப்பதற்குள் ஜெயந்தி முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் வேணாம் சார். ஒண்ணு பொய்யா வெச்சா மீதி எல்லாமே பொய்யாப் பூடும். அதுல இருக்கறத எடுத்துக் குடுங்க, போதும்." அண்ணன் கையிலிருந்த கவரைப் பிரிக்கவிடாமல் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் சொல்லியிருக்க வேண்டியதை அவள் சொன்னாள் என்பதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

நாலு நாள் அந்த நாற்பது விநாடியோடு மல்லுக்கட்டினேன். மேலே இருந்ததைக் கீழே இழுத்தேன். சட்டைக் காலரில் தையல் வந்தது, மாலையில் ரோஜா இதழ் தனித்தனியாக வந்தது. முகம் வரவில்லை. நீலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அரைப் புருவமும் மூக்குக்குக் கீழே ஒரு நிழலும் கிடைத்தன. மூக்கின் நிழல் யாருக்கும் உண்டு. அதைக் காட்டினால் எதிர்த்தரப்பு அந்த வக்கீலின் மூக்கையே காட்டிச் சிரிக்கும். என் ஒரு வார்த்தையால் ஒரு பெண்ணின் வாழ்க்கை இப்படி நிற்கிறதே என்று திரும்பத் திரும்ப அதையே ஓட விட்டேன். அருள்தாஸ் அந்த நாலு நாளும் ரோட்டிடம்கூடப் பேசவில்லை. மத்தியானம் ஒரு டீயை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். அவருடைய பெரிய கோபம் அப்படித்தான் இருக்கும், பெரிய அனுதாபமும் அப்படித்தான் இருக்கும் என்பதால் எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ஜெயந்தி தனியாக வந்தாள். முடியாது என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அதை நிரூபித்துக் காட்ட உட்கார்ந்தேன். தொழில்காரனுக்கு மன்னிப்புக் கேட்பதைவிட விளக்கம் சொல்வது சுலபம்.

"பாரும்மா. அவரு மொகத்த எவ்ளோ எறக்கினாலும் சாம்பலாத்தான் ஆவுது. உள்ள ஒண்ணும் இல்ல. இதுவே இருட்டா இருந்திருந்தா எப்படியாவது எடுத்திருப்பேன். இதோ பின்னாடி மண்டபத்துல தூணு பக்கம் இருட்டா இருக்குதுல்ல? சும்மா உனக்குக் காட்றதுக்காக ஏத்தறேன், பாரு."

ஏற்றினேன். தூணில் செதுக்கின யாளி வந்தது. அதன் பக்கத்தில் ஒரு புடவைக் கரை வந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். கையில் தட்டோடு ஒரு அம்மா நின்றிருந்தார்.

"அத்த" என்றாள் ஜெயந்தி.

எனக்குப் புரியவில்லை.

"அவரு அம்மா சார்! கேமராவுல விழுந்துடக் கூடாதுன்னுதான் அங்க இருட்டுல போய் நின்னாங்க. அதனாலதான் நான் அவுங்கள இதுல தேடவே இல்ல."

நானும்தான் தேடவில்லை. முகத்தை வெளுத்தே பழகியவனுக்குத் தூணைப் பார்க்கத் தோன்றவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கேமராவில் ஒழுங்காக எடுத்திருந்தால் வெயிலில் நின்றவர்கள் சரியாக விழுந்திருப்பார்கள், மண்டபம் கரியாக இருந்திருக்கும். செல்வம் அந்தப் பட்டனை அமுக்கியதால் வெயிலில் இருந்த மகன் கரைந்துபோனான், இருட்டில் இருந்த அம்மா வெளியே வந்துவிட்டார். பெரிதாக்கி ஓட விட்டேன். அந்த அம்மா அட்சதை போட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அதைப் பார்த்ததும் ஜெயந்தி முதல்தடவையாக அழுதாள். "அன்னிக்கு நெஜமாவே சந்தோஷமாத்தான் சார் இருந்தாங்க" என்றாள்.

வக்கீல் ஆபீஸுக்கு நானும் போனேன். எதையும் ஒட்டவில்லை என்று சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். ஒட்டு வேலைக்காரன் அதற்குச் சாட்சி. எதிரே பிரபுவின் அப்பா, அம்மா, இரண்டு உறவினர்கள். பிரபு வரவில்லை, லீவு கிடைக்கவில்லையாம். ஜெயந்தியின் வக்கீல், டேப் உண்மையானது என்பதற்கு ஒரு கட்டுக் காகிதம் தயார் செய்து வைத்திருந்தார். அது தான் இல்லை என்று அந்த அம்மா மறுப்பார், புடவையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். என்னையும் அரைநாளுக்குத் தயாராக வரச் சொல்லியிருந்தார்.

டி.வி.யில் படம் ஓடியது. மகன் முகம் வெள்ளையாகப் போனபோது அந்த அம்மா அசையவில்லை. பிறகு நான் பெரிதாக்கிய பகுதி வந்தது. தூண், தட்டு, அட்சதை, சிரிப்பு. அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா தம்பி இது, என்னை இவ்ளோ கறுப்பா காட்டியிருக்கீங்க? நான் இந்தக் கலரா?"

வக்கீல் தன் காகிதக் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டை எடுத்துக் கீழே வைத்தார். பிரபுவின் அப்பாதான் கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "அங்க நீ இன்னா பண்ண?"

எத்தனை வருஷமாக மனிதர்களை ஆளே தெரியாமல் வெளுத்துக் கொடுத்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்தப் படத்தில் உள்ளது உள்ளபடி விழுந்தவர் அந்த அம்மா ஒருவர்தான், அவருக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்துக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவன்.

நிச்சயதார்த்தம் நின்றது. பிரபுவுக்கு உடனே லீவு கிடைத்தது. ஆவணி முடிவதற்குள் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் கையெழுத்துப் போட்டார்கள். அருள்தாஸ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்காளு வெளுத்த டேப்புலருந்து ஒரு கல்யாணத்தையே எடுத்துக் குடுத்தான்" என்று சொன்னார். விழுப்புரம், புதுச்சேரியிலிருந்தெல்லாம் வெளுத்த டேப்புகள் வந்து குவிந்தன. நான் எக்ஸ்பர்ட் ஆன கதை இதுதான். அந்த மாப்பிள்ளையின் ஒரு மயிரைக்கூட நான் மீட்கவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பட்டனைப் பற்றிப் பேசுவதை மட்டும் அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அருள்தாஸ் சிதம்பரத்தில் ஒரு கிளை திறந்து என்னை அங்கே அனுப்பினார். 2012இல் டேப் கேமராக்கள் ஒவ்வொன்றாக மூலைக்குப் போய்க்கொண்டிருந்தன, நானும் போகிற நேரம். அந்தச் சமயம் ஒருநாள் காலையில் ஒருவர் டி.வி.டி. ஒன்றைக் கொண்டுவந்தார். முப்பது வயதிருக்கும். எங்கேயும் பார்த்த முகமாக இல்லை. அன்றைக்கு அருள்தாஸும் கடைக்கு வந்திருந்தார்.

"ஒருத்தர் மொகம் மட்டும் வெள்ளையா இருக்குது சார். இப்ப புதுசா சாப்ட்வேரெல்லாம் வந்திருக்குதாமே?"

போட்டேன். தோப்பு, கோயில், உச்சி வெயில். ரோஜா இதழ் தனித்தனியாகத் தெரிகிற மாலை. நாலு நாள் உட்கார்ந்து அந்த வெள்ளையைச் சுரண்டியவன் நான், இருந்தும் எதிரே நிற்பவரை எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் பிரபுவின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். சாதாரண முகம், நல்ல மாநிறம்.

"பையனுக்கு அஞ்சு வயசு ஆவுது சார். இதப் போட்டுப் போட்டுப் பாக்கறான். அம்மா இருக்குது, ஆயா கூட இருக்குது, நீ எங்கப்பான்னு கேக்கறான்." அவர் அருள்தாஸைப் பார்த்தார். "எவ்ளோ நாள் ஆனாலும் பரவால்ல சார்."

அருள்தாஸ் வாயில் வழக்கமான சொல் வரவில்லை. டீ வாங்கப் போனார்.

எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து முடிந்தவரை கீழே இழுத்துக் காட்டினேன். முகம் வெள்ளையிலிருந்து சாம்பலாயிற்று, அவ்வளவுதான்.

"இருந்தா எடுக்கலாம் தம்பி" என்றேன். "அதுல இல்ல."

அவர் டி.வி.டி.யை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டார்.

"பையன் கேட்டப்ப ஜெயந்தியும் இதேதான் சார் சொன்னா" என்றார்.